ஃபுட்பால் மேனேஜரில் எல்லாருக்கும் சுதந்திரம் கொடுத்தால் அணி ஏன் தோற்கிறது?

ஃபுட்பால் மேனேஜர் ஆடுபவர்கள் பெரும்பாலும் ஒருமுறையாவது இந்த வேலையைச் செய்திருப்பார்கள். கையில் நல்ல அணி இருக்கிறது. டேக்டிக்ஸ் பக்கத்தைத் திறந்து, நடுக்கள வீரர்கள் மூன்று பேருக்கும் விங்கர்கள் இரண்டு பேருக்கும் 'இடம் விட்டு அலையலாம்' என்று டிக் அடிக்கிறார்கள். கூடவே மொத்த அணிக்கும் 'உங்க இஷ்டப்படி ஆடுங்க' என்று ஓர் உத்தரவு. இனி அழகான ஆட்டம் வரும் என்று காத்திருந்தால் 0-3 தோல்விதான் வருகிறது. கடுப்பாகி, அடுத்த மேட்ச்சில் கொடுத்த சுதந்திரத்தை எல்லாம் பிடுங்கிக்கொள்கிறார்கள். இப்போது தோல்வி இல்லை. ஆனா கோலும் இல்லை.

வெறும் கேம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். திருவண்ணாமலை மாதிரி ஊருக்கு இதில் நிறைய இருக்கிறது. இந்த மாவட்டத்தில் ஐ.எஸ்.எல். அணி கிடையாது. பெரிய மேட்ச் ஒன்றை நேரில் பார்க்க, சுமார் 190 கி.மீ. பயணம் செய்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்குப் போகணும். ஆரணியிலோ செய்யாறிலோ போளூரிலோ கால்பந்து ஆடும் பையனுக்கும் பொண்ணுக்கும் டேக்டிக்ஸ் பாடம் டிவியிலும் போனிலும்தான் கிடைக்கிறது. அங்கே படித்தது அடுத்த நாள் மைதானத்துக்கு வருகிறது. அதனால் இந்த செட்டிங்குகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. அவை சொல்லாமல் விடும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம்.

இது என்ன கேம்?

பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற இங்கிலாந்து சகோதரர்கள் உருவாக்கிய 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' 1992-ல் வெளிவந்தது. பின்னாளில் பதிப்பு நிறுவனத்தோடு பிரிவு ஏற்பட்டதால் பழைய பெயர் கைவிட்டுப் போனது. 2004 இறுதியிலிருந்து அதே குழு 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் கேமை வெளியிட்டு வருகிறது.

இதில் பந்தை உதைக்கும் பட்டன் கிடையாது. விளையாடுபவர்தான் கோச். யார் எங்கே நிற்கணும், பந்து கிடைத்ததும் எங்கே ஓடணும், எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓரமாக உட்கார வேண்டியதுதான். ஒவ்வொரு வீரருக்கும் முடிவெடுக்கும் திறன், பந்து இல்லாதபோது நகரும் திறன், அணியோடு ஒத்துப்போகும் குணம் என்று பலவற்றுக்கு 1 முதல் 20 வரை எண்கள் இருக்கும். சொன்ன உத்தரவும் வீரரின் எண்ணும் சேர்ந்துதான் களத்தில் நடப்பதைத் தீர்மானிக்கின்றன.

மூன்று வேறு விஷயம், ஒரே பெயர்

குழப்பம் தொடங்குவது இங்கேதான். 'ஃப்ரீயா ஆட விடு' என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனி செட்டிங்குகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, உத்தரவிட்ட ஓட்டம். ஃபுல்பேக்கிடம் 'இன்னும் முன்னே போ' என்று சொல்வது இந்த வகை. பார்ப்பதற்கு அவர் சுதந்திரமாகப் பறப்பது போலத் தெரியும். உண்மையில் அவர் சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் போயே ஆகணும் என்பது ஒரு கடமை. அதில் சுதந்திரம் எதுவும் இல்லை.

இரண்டாவது, இடச் சுதந்திரம். 'ரோம் ஃப்ரம் பொசிஷன்' என்ற செட்டிங் இதுதான். குறிப்பிட்ட கட்டத்துக்குள் நிற்கத் தேவையில்லை, காலி இடம் எங்கே தெரிகிறதோ அங்கே போகலாம். பழைய பதிப்புகளின் 'ட்ரெக்வார்டிஸ்டா', 'ரோமிங் பிளேமேக்கர்' போன்ற ரோல்களில் இது முன்கூட்டியே சேர்ந்திருந்தது. 'ரௌம்டாய்டர்' என்ற ரோலும் அப்படித்தான் இருந்தது. ஜெர்மனி வீரர் தாமஸ் முல்லர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொல் அது. காலி இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்பவர் என்று பொருள் கொள்ளலாம்.

மூன்றாவது, முடிவுச் சுதந்திரம். 'பி மோர் எக்ஸ்பிரஸிவ்', 'பி மோர் டிஸிப்ளின்ட்' என்ற இரண்டு உத்தரவுகள் இதைச் சேர்ந்தவை. பழைய பதிப்புகளில் 'கிரியேட்டிவ் ஃப்ரீடம்' என்று தனியாக ஓர் அளவுகோலே இருந்தது. வீரர் எங்கே நிற்கிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பந்து காலில் இருக்கும்போது, கோச் சொன்னதை மீறி வேறு ஒன்றைச் செய்து பார்க்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

தன் இடத்தை விட்டு ஓர் அடி நகராமல், யாரும் எதிர்பார்க்காத பாஸ் கொடுப்பவரிடம் இருப்பது முடிவுச் சுதந்திரம். மைதானம் முழுக்க அலைந்தாலும், பந்து வந்ததும் பக்கத்து ஆளுக்கே தள்ளிவிடுபவரிடம் இருப்பது இடச் சுதந்திரம் மட்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து டிக் அடிப்பதில்தான் பாதி தோல்விகள் ஆரம்பமாகின்றன.

செருப்பைப் பார்த்துக்கொள்வது யார்?

குடும்பத்தோடு கோயிலுக்குப் போன எல்லாருக்கும் இது தெரியும். மற்றவர்கள் நிம்மதியாக உள்ளே போய்ச் சுற்றி வரணும் என்றால், யாராவது ஒருத்தர் வெளியே பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்கணும். எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டால், திரும்பி வரும்போது செருப்பு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கேமில் நடப்பதும் இதேதான். இடது விங்கர் உள்ளே அலையப் போனால் இடது ஓரம் காலி. அந்த ஓரத்தை நிரப்ப ஃபுல்பேக் மேலே ஏறணும். ஃபுல்பேக் ஏறினால் அவர் விட்டுப்போன இடத்தைக் காக்க நடுக்களத்தில் ஒருத்தர் அசையாமல் நிற்கணும். 'ஆங்கர்' மாதிரியான ரோல்கள் இருப்பது அதற்குத்தான். ஒருத்தருக்குக் கொடுக்கும் சுதந்திரத்துக்கான விலையை இன்னொருத்தர் கட்டுகிறார். ஐந்து பேருக்கு அலையச் சுதந்திரம் கொடுத்துவிட்டு, விலை கட்ட ஒருத்தரைக்கூட வைக்காத அணிதான் 0-3 தோற்கிறது.

பௌர்ணமி கிரிவலம் இதற்கு நல்ல உதாரணம். 14 கி.மீ. பாதை, எட்டு லிங்கங்கள், எல்லாருக்கும் ஒரே திசை. எந்த லிங்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே டீ குடிப்பது, இடுக்குப் பிள்ளையாருக்குள் நுழைவதா வேண்டாமா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். அந்த விருப்பத்துக்கு இடம் கிடைப்பதே திசை ஒன்றாக இருப்பதால்தான். ஆளாளுக்கு ஒரு பக்கம் நடந்தால் அந்தக் கூட்டத்தில் யாராலும் நடக்க முடியாது.

கால்பந்து வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1974 உலகக் கோப்பையில் ரைனஸ் மிச்செல்ஸின் நெதர்லாந்து அணி ஆடியதை 'டோட்டல் ஃபுட்பால்' என்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போனார்கள் என்பதுதான் பொதுவாக நினைவில் இருக்கிறது. ஒருத்தர் விட்டுப்போன இடத்தை உடனே இன்னொருத்தர் நிரப்பினார் என்ற பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரைக்கரான யோஹன் க்ரைஃப் பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்க முடிந்ததே, அவர் விட்ட இடத்துக்கு வேறு ஒருத்தர் ஓடியதால்தான்.

சென்னை, கோவை: ஒரு வருடத்தில் இரண்டு பாடம்

இதற்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. தமிழ்நாட்டு அணிகள் இரண்டு, ஒரு வருட இடைவெளியில் இந்தியாவின் இரண்டு பெரிய லீக்குகளை வென்றன. இரண்டும் போன வழி வேறு.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. லீக் அட்டவணையில் முதலிடம் பிடித்த பெங்களூரு எஃப்.சி.யை, அவர்கள் சொந்த மைதானத்திலேயே சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்றது. கோச் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி. முதல் இரண்டு கோல்களை அடித்தவர் பிரேசிலைச் சேர்ந்த சென்டர்பேக் மைல்சன் ஆல்வெஸ். இரண்டுமே கார்னரில் வந்த ஹெட்டர்.

டிஃபெண்டர் ஒருவர் எதிரணி கோல்முனைக்குப் போய் இரண்டு கோல் அடித்ததைப் பார்த்தால், என்னவொரு சுதந்திரம் என்று தோன்றலாம். கார்னர் என்பது பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் விஷயம். யார் மேலே போகணும், யார் பின்னால் நிற்கணும் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. மேலே சொன்ன முதல் வகை இது, உத்தரவிட்ட ஓட்டம். மூன்றாவது கோல் அடித்த ரஃபேல் அகஸ்டோ வேறு வகை. அவர் யோசித்து ஆடும் நடுக்கள வீரர். அந்த சீசனில் அவர் மாதிரியானவர்கள் முன்னே போக முடிந்ததற்குப் பின்னால், நடுக்களக் காவலில் இருந்தவர்களில் ஒருவர் சென்னைக்காரரான தனபால் கணேஷ்.

2019 மார்ச் 9. ஐ-லீக்கின் கடைசி நாள். கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று சாம்பியன் ஆனது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. சிங்கப்பூரைச் சேர்ந்த கோச் அக்பர் நவாஸ், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பாஸ் பாஸாக முன்னேறும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஸ்பெயின் கால்பந்தில் ஆடிப் பழகிய பெத்ரோ மான்சி, நெஸ்தர் கோர்டியோ, சாந்த்ரோ, எஸ்லாவா ஆகியோர் அந்த அணியின் முதுகெலும்பு. மான்சி மட்டும் அந்த சீசனில் 21 கோல் போட்டார். கட்டுப்பாட்டை நம்பிய அணியும் கோப்பை வாங்கியது, பந்தையும் பாஸையும் நம்பிய அணியும் வாங்கியது. ஆக, எது சிறந்தது என்ற கேள்வியே தப்பு. யாருக்கு எந்தச் சுதந்திரம், அதற்கு விலை கட்டுவது யார் என்று தெளிவாக இருந்ததுதான் இரண்டு அணிகளுக்கும் பொது.

பந்து போன பிறகு?

பந்து நம்மிடம் இருக்கும்போது ஒரு வடிவம், போன பிறகு வேறு வடிவம். உண்மையான கால்பந்து எப்போதுமே இப்படித்தான். 2025 நவம்பரில் வந்த ஃபுட்பால் மேனேஜர் 26, இந்த இரண்டையும் தனித்தனியாக அமைக்கச் சொல்கிறது. பெண்கள் கால்பந்தும் இந்தத் தொடரில் முதன்முறையாக அதில்தான் சேர்ந்தது.

இந்தப் பிரிப்பு நல்ல பாடம். சுதந்திரத்துக்கு ஒரு நேரம் உண்டு. பந்து இருக்கும்வரை எங்கே வேண்டுமானாலும் அலைகிற பத்தாம் நம்பர் வீரர், பந்து போன மறுவிநாடி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு ஓடணும். அந்த இடம் எதுவென்று அவருக்கும் தெரிந்திருக்கணும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்கணும். கேமில் அலையும் வீரரைத் தேர்ந்தெடுக்கும்போது கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. முடிவெடுக்கும் திறன், உழைப்பு, அணி உணர்வு ஆகிய மூன்று எண்களையும் பார்க்கணும் என்பது இதனால்தான்.

கேம் சொல்லாத விஷயம்

இதுவரை கேம் சொல்வது சரி. ஒரே ஒரு இடத்தில் அது தவறான பாடம் சொல்லிக்கொடுக்கிறது.

ஃபுட்பால் மேனேஜரில் ஒரு வீரருக்கு முடிவெடுக்கும் திறன் 16 என்றால் அவருக்குச் சுதந்திரம் கொடுக்கலாம். 8 என்றால் கொடுக்கக் கூடாது, 'எளிமையா ஆடு' என்று கட்டிப்போடணும். அடுத்த சனிக்கிழமை ஜெயிக்க வேண்டிய மேனேஜருக்கு இது சரியான கணக்கு. நல்ல எண் உள்ளவர் வேண்டும் என்றால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியக் கால்பந்து பல வருடமாக இதே கணக்கைத்தான் போட்டு வந்திருக்கிறது. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். 2017-18 சீசனில் அது ஐந்தானது, 2021-22-ல் நான்கானது. அந்த இடங்களில் பெரும்பாலானவை நடுக்கோட்டில்தான் செலவாயின. சென்டர்பேக், யோசிக்கும் மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர் எல்லாம் வெளிநாட்டுக்காரர். ஃபுல்பேக், ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கும் மிட்ஃபீல்டர் போன்ற வேலைகள் நம்மவர்களுக்கு. மேலே சொன்ன இரண்டு கோப்பைகளிலும் இதே கதைதான். அலைந்தவர்கள் அகஸ்டோவும் கோர்டியோவும். நின்று காத்தவர்களில் கணேஷ் மாதிரி உள்ளூர்க்காரர்கள். செருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒரே வீட்டாருக்கே போய்க்கொண்டிருந்தது.

கிளப்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் அடுத்த சனிக்கிழமை ஜெயிக்கணும். ஆனால் தேசிய அணிக்கு வெளிநாட்டுக்காரரை வாங்க முடியாதே. 2024 ஜூனில் சர்வதேசக் கால்பந்திலிருந்து விடைபெற்ற சுனில் சேத்ரி, 40 வயதில், 2025 மார்ச்சில் திரும்ப அழைக்கப்பட்டார். கோல் போட ஆள் இல்லை என்பதுதான் காரணம். அதே வருடம் அக்டோபர் 14-ல் மட்காவில் இந்தியா சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. கோல்முனைக்குப் பக்கத்தில் தானாக முடிவெடுக்கப் பழகியவர்கள் போதாமல் போனால் வரும் விளைவுகளில் இதுவும் ஒன்று. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதை ஒதுக்கிவிட முடியாது.

திறமை இல்லாமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை கொல்கத்தா டெர்பி. ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வலது ஓரத்தில் பந்தை வாங்கினார். கோட்டை ஒட்டி ஓடி கிராஸ் போடாமல் உள்ளே வெட்டி வந்து, இடது காலால் வளைத்து அடித்தார். மோகன் பகானுக்கு எதிராக 1-0 வெற்றி, அந்த ஒரே கோலில். அந்த நொடியில் அவர் எடுத்த முடிவு எந்த கோச்சும் வெளியிலிருந்து பட்டன் அழுத்தி எடுக்க முடியாத ஒன்று.

உண்மையான மைதானத்தில் யார் தலைக்கு மேலும் எண் மிதப்பதில்லை. 12 வயதுப் பையனின் முடிவெடுக்கும் திறன் 8 என்று வைத்துக்கொண்டாலும், அதை 16 ஆக்க ஒரே வழிதான் உண்டு. அவனை முடிவெடுக்க விடணும். அவன் தப்பாக எடுப்பான், பந்து போகும், கோல்கூட வாங்க வேண்டி வரலாம். அந்த விலையைக் கட்டினால்தான் எண் வளரும். கேமில் எண் இருப்பவருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. மைதானத்தில் சுதந்திரம் கிடைத்தவருக்குத்தான் எண் வளர்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

கேம் ஆடுபவர்களுக்கு ஒரு எளிய வழி. முதலில் எல்லாருக்கும் இருக்கும் அலையும் உரிமையை எடுத்துவிட்டு, ஒரே ஒரு வீரருக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். அவர் விட்டுப்போகும் இடத்தை நிரப்ப ஒருத்தர், பின்னால் காவலுக்கு ஒருத்தர் என்று இரண்டு பேரைக் குறித்து வைத்து நான்கைந்து மேட்ச் ஓடவிடுங்கள். அது பிடிபட்ட பிறகு இரண்டாவது ஆளுக்கு. 'எக்ஸ்பிரஸிவ்' உத்தரவைக் கடைசிவரை தொடாமல் இருந்தாலும் நஷ்டமில்லை. புதுசாக எதை மாற்றினாலும் அணி அதற்குப் பழக நாள் எடுக்கும். ஒரு தோல்விக்கே எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

பி.டி. மாஸ்டருக்கும் மாவட்ட அளவில் அணியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்களுக்கும் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. 'பொசிஷன்ல நில்லுடா' என்பது பாதிப் பாடம்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று விஷயம் தெளிவாகச் சொன்னால் போதும். பந்து நம்மிடம் இருந்தால் உன் இடம் எது? போய்விட்டால் எங்கே ஓடணும்? மைதானத்தின் எந்தப் பகுதியில் நீ யாரையும் கேட்காமல் உன் இஷ்டப்படி முயற்சி செய்யலாம்? முதல் இரண்டும் கட்டுப்பாடு, மூன்றாவதுதான் சுதந்திரம். எதிரணி கோல்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றில் ஒரு பங்கு மைதானத்தை அதற்கென்று விட்டுவிடலாம். அங்கே பந்து போனாலும் நம் கோல்முனை தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒருத்தி டிரிபிள் செய்து பந்தை இழந்தால் ஓரத்திலிருந்து திட்டு விழக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பின்னால் நின்று காவல் காக்கும் வேலையை ஒரே பிள்ளைக்கு வருடம் முழுக்கக் கொடுக்காதீர்கள். இந்த வாரம் காத்தவன் அடுத்த வாரம் அலையட்டும். அலைந்தவள் அடுத்த வாரம் நின்று காக்கட்டும். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்களுக்குத்தான், தனக்குக் கிடைத்த சுதந்திரத்துக்குப் பின்னால் யாரோ ஒருத்தர் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பது புரியும்.